போத்தலில் இருந்த கமாட்

எங்கள் வீட்டுக் குளிர்பெட்டியின் மேல் எப்போதும் ஒரு போத்தல் கமாட் எண்ணெய் இருக்கும். வெட்டுக்காயமோ சூட்டுக்காயமோ, அம்மா அதைத்தான் எடுப்பார். மாசி மகத்துக்குப் பங்கோர் பத்திரகாளியம்மன் கோயிலுக்குப் போய்த் திரும்பும்போது, லூமுட் படகுத்துறைக் கடைகளில் வருடத்துக்கு வேண்டியதை வாங்கிவிடுவார். லேபிளில் இருந்த படத்தைச் சிறுவயதில் பாகற்காய் என்றே நினைத்திருந்தேன். அது கடல் அட்டை.

இனிப்பு நீர் முற்றி அம்மாவின் கால்விரலில் புண் வந்தபோதும் அந்தப் போத்தல்தான் முதலில் இறங்கியது. மூன்று வாரம் பூசினார். “ஆறிக்கிட்டு வருதுடா, பாரு.” பார்த்தேன். எனக்கும் ஆறுவதுபோல்தான் தெரிந்தது. மருத்துவமனைக்கு அழைத்துப்போக லீவு எடுக்க வேண்டுமே என்பதால் அப்படித் தெரிந்திருக்கலாம். விரலை எடுத்துவிட்டார்கள்.

அடுத்த மாசி மகத்துக்கு நான் மட்டும் பங்கோர் போனேன். விடிவதற்கு முன், நீர் வற்றியிருந்த நேரத்தில், மீன்பிடிக்கும் பாக்சிக் ஒருவர் டார்ச் அடித்துக் காட்டினார். பகலெல்லாம் பாறை இடுக்கிலும் செத்த பவளத் துண்டுகளுக்கு அடியிலும் ஒளிந்திருந்து, இருட்டிய பிறகே வெளியே வருமாம். ஸ்டிகோபஸ் ஹாரன்ஸ் என்பது அறிவியல் பெயர். ஒரு சாண் நீளம். உருண்டையாக இல்லை, ஏறக்குறையச் சதுர உடல். பழுப்பும் சாம்பல் பச்சையும் கலந்த முதுகில் சிறிதும் பெரிதுமாக மருக்கள். தட்டையான வயிற்றில் குழாய்க் கால்கள். கண் கிடையாது, மூளை கிடையாது. நட்சத்திர மீனுக்குச் சொந்தம். வாயைச் சுற்றிய உணர்கொம்புகளால் மணலை அள்ளித் தின்று, அதில் ஒட்டியிருக்கும் அழுகலைச் செரித்து, சுத்த மணலை வெளியே விடுகிறது. மூச்சுக்கான நீரை ஆசனவாய் வழியாகத்தான் இழுக்கிறது.

தொட்டேன். “தூக்கி வைத்திருக்காதே” என்றார் பாக்சிக். கடலை விட்டு எடுத்து வைத்திருந்தால் தோல் கூழாகிக் கரைந்துவிடும். மிரண்டால் முதுகுத் தோலில் ஒரு துண்டை உதிர்த்துவிட்டுத் தப்பிக்கும். உதிர்ந்த இடம் மறுபடி வளரும். புண்ணுக்கு இதைப் பூசலாம் என்று முதலில் நினைத்தவர் இதைப் பார்த்துத்தான் நினைத்திருப்பாரோ? ஆனால் வளர்வது அதன் தோல். அதுவும் உயிரோடு இருக்கும்போது.

திரும்பும்போது லூமுட்டில் அம்மாவின் அழைப்பு.

“எண்ணெய் வாங்கிட்டியாடா?”

கடை முன்னால்தான் நின்றிருந்தேன். அதே பாகற்காய்ப் படம்.

“வாங்கறேம்மா. திங்கக்கிழமை கால் காட்டணும்ல, லீவு போட்டுட்டேன்.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

“சின்னப் போத்தலே போதும்” என்றார்.