சும்மா இருந்தப்ப போட்டதா? குரோஷா ஊசி சொல்லும் கணக்கு

இன்ஸ்டாகிராமைத் திறந்தால் சூரியகாந்திப் பூ கிளிப், குட்டி ஆமை கீ செயின், தோளில் மாட்டும் வலைப் பை என எல்லாமே நூலில் வந்து நிற்கின்றன. பெயர், குரோஷே. இருபதுகளில் இருப்பவர்களுக்கு இது புது ட்ரெண்ட். அறுபதைத் தாண்டியவர்களிடம் காட்டினால், ‘அட, இது நம்ம குரோஷா ஆச்சே!’ என்று சிரிப்பார்கள்.

திருவண்ணாமலை தேரடி வீதிப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதும் அந்த 24 வயதுப் பெண்ணும் இதைப் புதுசு என்று நினைத்துதான் ஆரம்பித்தார். கடையிலிருந்து வந்ததும் போனைத் தள்ளிக்கொண்டே இருப்பது அலுத்துப்போக, ஓர் ஊசியும் இரண்டு நூல்கண்டும் வாங்கினார். யூடியூப் வீடியோவை நிறுத்தி, ஓட்டி, மறுபடி நிறுத்திப் பார்த்தும் முதல் செயின் வளைந்து நெளிந்து வந்தது.

வாசலில் பூ கட்டிக்கொண்டிருந்த ஆயா எட்டிப் பார்த்தார். “ஊசிய பேனா மாரி புடிச்சா உனக்கு வராது. கத்தி புடிக்கிற மாரி புடிச்சுப் பாரு” என்றார்.

பேத்திக்கு ஆச்சர்யம். உள்ளே போன ஆயா, டிரங்க் பெட்டியிலிருந்து மஞ்சளேறிய ஒரு துணியை எடுத்து வந்தார். பழைய டி.வி-க்கு மேலே கிடந்த வலைத்துணி. ஓரமெல்லாம் அன்னாசிப் பழ டிசைன். பள்ளிக்கூடத் தையல் டீச்சர் சொல்லிக்கொடுத்ததாம்.

“இத எப்ப ஆயா போட்ட?”

“எப்பவோ. சும்மா இருந்தப்ப போட்டது.”

ஆயா ‘சும்மா’ இருந்த நேரம் எது என்று பேத்தி துருவிக் கேட்டார். விடியலில் மாடு கறந்து, சமைத்து, கழனிக்குப் போய் வந்து, பிள்ளைகளைத் தூங்க வைத்த பிறகு, ராத்திரி விளக்கடியில். அதுதான் அந்தச் ‘சும்மா’.

ஒரே ஒரு வளையம்

குரோஷேவின் சூட்சுமம் எளிது. நிட்டிங்கில் ஒரு வரிசையின் எல்லா வளையங்களும் ஊசியில் காத்திருக்கும். குரோஷேவில் பெரும்பாலும் ஒரே வளையம்தான் உயிரோடு இருக்கும். கொக்கியை அதற்குள் விட்டு, நூலைப் பிடித்து இழுத்தால் அடுத்த வளையம். இப்படி ஒன்றுக்குள் ஒன்றாக இழுப்பதே செயின். அதன் மேல் சிங்கிள், டபுள் என்று உயரம் கூட்டினால் துணியாகிவிடும். தப்பாகிவிட்டதா? நூலைப் பிடித்து இழுத்தால் சரசரவென்று பிரிந்து, பழையபடி நூலாகிவிடும். நூல் வீணாகாது, போனது நேரம் மட்டும்தான்.

இன்னொரு விஷயம். நிட்டிங்குக்கு மெஷின் உண்டு. டி-ஷர்ட், ஸ்வெட்டர் எல்லாம் அப்படித்தான் வருகின்றன. ஆனால், அசல் குரோஷேவைக் குவியல் குவியலாகப் போட்டுத்தள்ளும் மெஷின் இன்னும் சந்தைக்கு வரவில்லை. கடையில் நிஜமான குரோஷே பை தொங்கினால், யாரோ ஒருவர் உட்கார்ந்து கையால் போட்டிருக்கிறார் என்று அர்த்தம்.

ஆரியின் உறவுக்காரி

பிரெஞ்சு மொழியில் ‘குரோஷே’ என்றால் சின்னக் கொக்கி. நம் ஊரில் ஜாக்கெட்டுக்கு ஆரி ஒர்க் போடும் ஊசியையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் நுனியில் கொக்கி. 18-ம் நூற்றாண்டில் கிழக்கிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன ஆரி போன்ற தையலில், துணியை எடுத்துவிட்டு நூலை மட்டும் பின்னிப் பார்த்ததில் குரோஷே பிறந்தது என்பது ஆய்வாளர்கள் சிலரின் கருத்து. அச்சில் வந்த பழைய குரோஷே டிசைன்களைத் தேடிப்போனால், 1820-களில் ‘பெனலோப்பே’ என்ற டச்சுப் பத்திரிகையில் போய் நிற்கிறோம்.

பணக்கார வீட்டுப் பெண்களின் பொழுதுபோக்காக இருந்த இந்த ஊசி, அயர்லாந்தில் சோறு போட்டது. 1845-ல் அங்கே உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டனர். கன்னியாஸ்திரிகள் உள்ளிட்ட பலர் ஏழைப் பெண்களுக்கு குரோஷே லேஸ் போடக் கற்றுக்கொடுத்தனர். ஊசி லேஸைவிட வேகமாக முடியும், ஒரு கொக்கியும் நூலும் போதும். அந்த லேஸ் விற்ற காசில் எத்தனையோ குடும்பங்கள் பிழைத்தன.

தமிழ்நாட்டிலும் லேஸுக்கு ஒரு கதை உண்டு. 1819-ல் நாகர்கோவிலுக்கு வந்த மிஷனரி தம்பதியில் ஒருவரான மார்த்தா மால்ட், 1820-களில் அங்குள்ள பெண்பிள்ளைகளுக்கு லேஸ் வேலை கற்றுக்கொடுத்தார். அது கொக்கி வேலை அல்ல, தலையணை மேல் நூல்கட்டைகளை மாற்றி மாற்றிப் போடும் லேஸ். அடிமை முறை இருந்த திருவிதாங்கூரில், லேஸ் போட்டுச் சேர்த்த பணத்தைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்ட பெண்களும் இருந்தார்கள்.

நரசாப்பூரின் ‘ஓய்வு நேரம்’

ஆந்திராவின் மேற்கு கோதாவரி மாவட்டத்தில் உள்ள நரசாப்பூர், குரோஷே லேஸுக்கே பேர்போன ஊர். 19-ம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து மிஷனரிகள் விதைத்த வேலை, கோதாவரிக் கரைக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு பரவி, வெளிநாட்டு ஏற்றுமதியாக வளர்ந்தது. 2024-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அங்கே போய் ஆராய்ந்த ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ், 1982-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அவர் கண்டது இதுதான்: வீட்டு வேலைகளுக்கு நடுவே பெண்கள் நாளெல்லாம் லேஸ் போடுகிறார்கள். ஆனால், அவர்களை யாரும் தொழிலாளி என்று சொல்வதில்லை. ‘வீட்டில் இருக்கும் பெண்கள், ஓய்வு நேரத்தில் ஏதோ போடுகிறார்கள்’ என்பதே பேச்சு. ஓய்வு நேரத்து வேலை என்றால் கூலியும் குறைவாகத்தானே இருக்கும்? லேஸை வாங்கி விற்கும் வியாபாரம் ஆண்கள் கையில் இருந்தது.

ஆயா சொன்ன அதே ‘சும்மா’தான் இது. ‘சும்மா இரு’ என்பதை ரமண மகரிஷி பெரிய உபதேசமாக வலியுறுத்திய ஊர் திருவண்ணாமலை. இங்கே அந்தச் சொல்லுக்கு இருக்கும் மரியாதையே வேறு. வீட்டுப் பெண்களின் கைவேலைக்கு முன்னால் வந்து உட்காரும்போது மட்டும், அது விலையைக் குறைக்கும் சொல்லாகிவிடுகிறது.

நேரத்துக்கும் விலை

மூன்று மாதத்தில் பேத்தியின் கை பழகிவிட்டது. இந்த வெயிலுக்கு உல்லன் கசகசக்கும் என்பதால் காட்டன் நூலுக்கு மாறினார். அவர் போட்ட தோள்பையைப் பார்த்த ஒரு வாடிக்கையாளர், தனக்கும் ஒன்று கேட்டார். 600 ரூபாய் என்றதும், “நூல் எவ்ளோ ஆகிடப் போவுது? சும்மா இருக்கறப்ப போடறதுதானே? 250 வெச்சுக்கோ” என்றார்.

கணக்கு எழுதுகிறவர் அல்லவா, அன்று ராத்திரியே நோட்டில் எழுதிப் பார்த்தார். நூல் 180 ரூபாய். போட எடுத்த நேரம் 7 மணி. 250-க்குக் கொடுத்தால் மிச்சம் 70. அதாவது, ஒரு மணி நேரத்துக்கு 10 ரூபாய்!

அன்றிலிருந்து அவருக்கு ஒரு விதி. பிடித்தவர்களுக்குப் போட்டால் காசே வேண்டாம். விற்பதென்றால் நூலுக்கும் காசு, நேரத்துக்கும் காசு. நடுவில் எதுவும் கிடையாது. அந்த 250 ரூபாய் பை கைமாறவில்லை. ஆனால், தோழியின் குழந்தைக்குப் போட்ட தொப்பி இலவசமாகவே போனது.

இப்படிப் போடும் நேரத்தையெல்லாம் ஒன்று சேர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு சென்னையில் ஓர் உதாரணம் உண்டு. சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய ‘மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்’ குழுவினர், 2016 ஜனவரி 31 அன்று உலகின் மிகப்பெரிய குரோஷே போர்வைக்காக கின்னஸில் இடம்பிடித்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் துண்டு துண்டாகப் போட்டு இணைத்த அதன் பரப்பு 11,148.5 சதுர மீட்டர். நம் கணக்கில் சுமார் இரண்டே முக்கால் ஏக்கர். பிறகு இதே குழு போட்ட ஸ்கார்ஃபின் நீளம் 14 கிலோமீட்டரைத் தாண்டியது. அண்ணாமலையார் கிரிவலப் பாதையும் 14 கிலோமீட்டர்தான். மலையையே ஒரு சுற்று சுற்றிவிடலாம்!

இதைக் கேட்ட ஆயா, “அத்தனையும் கையாலயா?” என்று வாய்பிளந்தார். பேத்தி இப்போது ‘மேஜிக் ரிங்’ போடுகிறார், நடுவில் ஓட்டை தெரியாமல் வட்டத்தை இறுக்கும் முறை. ஆயாவின் காலத்தில் செயின் போட்டு வளையமாக்குவதுதான் வழக்கம். “இது நல்லாருக்கே, எனக்கும் சொல்லிக்குடு” என்று ஊசியை வாங்கிக்கொண்டவர், ஒரே ஒரு கண்டிஷன் போட்டார்.

“வெள்ள நூலு வாணாம் மா, கண்ணுக்குத் தெரியல. செவப்பு குடு.”