நான்காம் எண் புட்டி

சான்ஃபிரான்சிஸ்கோ காஃப் தெருவில் 650ஆம் எண் கட்டடத்தை முதல்முறை தேடி வருகிறவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். கண்ணில் படும்படி பெயர்ப்பலகை கிடையாது. கதவைத் திறந்தால் பாய்மரக் கப்பலின் அடித்தளம்: வடம், பீப்பாய், நங்கூரம், மங்கலான லாந்தர்கள். மூன்று மட்டங்களாகப் பிரித்த சின்ன இடம். கீழ்மட்டத்தில் ஓர் அருவிகூட விழுகிறது. ‘ஸ்மக்ளர்ஸ் கோவ்’ என்ற இந்த பாரை மார்ட்டின் கேட் என்பவர் 2009 டிசம்பரில் திறந்தார். அலமாரி முழுக்க ரம். நூற்றுக்கணக்கான புட்டிகள், வேறு எதற்கும் அங்கே பெரிய மரியாதை இல்லை.

இதை டிக்கி பார் என்பார்கள். மூங்கில் தட்டி, பசிபிக் தீவுகளின் சாமி உருவங்களைச் செதுக்கிய குவளை, பழச்சாறும் ரம்மும் கலந்த பானம், மேலே ஒரு கொத்து புதினா. 1930களில் அமெரிக்காவில் பிறந்த வழக்கம். ஸ்மக்ளர்ஸ் கோவுக்குக் குடிக்க வருகிறவர்களில் ஒரு தனிக் கூட்டம் உண்டு. மெனுவில் உள்ள காக்டெயில்கள் எழுபதுக்கு மேல். அத்தனையையும் ஒன்றுவிடாமல் குடித்து முடிப்பது என்று கங்கணம் கட்டிக்கொண்டு வருகிறவர்கள். வெறும் ரம்மை ருசித்துப் படிக்கிறவர்களுக்கு வேறொரு சங்கம்: முதல் படி இருபது ரம், அடுத்தது நூறு, கடைசி இருநூறு. முதல் படியைத் தாண்டப் பரீட்சையும் எழுத வேண்டும். குடிக்கப் போன இடத்தில் பரீட்சை என்றதும் எனக்கு ஆர்வம் வந்துவிட்டது.

காக்டெயில் பட்டியலை எடுத்துக்கொண்டேன். ஒரு மாலைக்கு இரண்டுக்கு மேல் கிடையாது, ரயிலில் போய் ரயிலில் திரும்புவது என்று இரண்டு விதிகள். மாலை ஐந்து மணி வாக்கில், கூட்டம் சேரும் முன்னால் போனால் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர்கள் பேசுவார்கள். நான் போனது பாதி அதற்காகத்தான்.

கடை திறப்பதற்கு வெகுநேரம் முன்பே அவர்கள் வேலை தொடங்கிவிடுகிறது. எலுமிச்சைச் சாறு அன்றன்றைக்குப் பிழிய வேண்டும். நேற்றைய சாறு செத்த சாறு. பட்டையைச் சர்க்கரைப் பாகில் கொதிக்கவிட்டு வடிகட்ட வேண்டும். தேனுக்குச் சம அளவு தண்ணீர் சேர்த்து இளக்கினால்தான் குளிர்ந்த ரம்மில் கட்டியாகாமல் கலக்கும். வாதுமைப் பாலில் காய்ச்சும் ‘ஓர்ஷா’ என்ற பாகு இல்லாமல் மை டை என்ற பானம் கிடையாது. அதை விக்டர் பெர்ஜரான் 1944இல் ஓக்லண்டில் ஜமைக்காவின் 17 ஆண்டு பழைய ரம்மை வைத்துச் செய்தார். பாகு வகைகள் வரிசையாகக் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும். சாறு பிழிகிறவருக்கு விரலில் ஒரு சின்னக் கீறல் இருந்தாலும் அன்றைய பொழுது நரகம்தான்.

“எதிலிருந்து தொடங்க?” என்று கேட்டபோது, கவுண்டரில் இருந்த பெண், “டைக்கிரி. அதில் ஒளிந்துகொள்ள இடமே இல்லை” என்றார். ரம், எலுமிச்சை, சர்க்கரை, அவ்வளவுதான். ஏதாவது ஒன்று கால் அவுன்ஸ் கூடினாலும் நாக்கு காட்டிக் கொடுத்துவிடும். அதற்கடுத்து பிளான்டர்ஸ் பஞ்ச். கரீபியத் தீவுகளில் அதற்கு வாய்ப்பாடே இருக்கிறது: புளிப்பு ஒரு பங்கு, இனிப்பு இரண்டு, சரக்கு மூன்று, நீர்ப்பது நான்கு. பட்டியலில் எவ்வளவு தூரம் போனாலும் இந்தக் கணக்கின் மாறுவேடங்கள்தாம். பிரிட்டிஷ் கடற்படைக்கும் இதில் பங்குண்டு. மாலுமிகள் ரம்மை அப்படியே விழுங்கிவிட்டு விழுகிறார்கள் என்று 1740இல் அட்மிரல் வெர்னன் அரை பைன்ட் ரம்முக்கு ஒரு குவார்ட் தண்ணீர் சேர்க்க உத்தரவிட்டார். கடற்படையில் கலவை, கட்டுப்பாடாகத் தொடங்கிய சமாச்சாரம். பிரிட்டிஷ் கடற்படை அந்தத் தினப்படி ரம்மை நிறுத்தியது 1970 ஜூலை 31இல்.

நமக்கு ரம் என்றால் மிலிட்டரி கேன்டீனில் வாங்கிவந்த கறுப்புச் சரக்கு. நிறத்தை வைத்து ரம்மை எடை போடுவதை அந்தப் பெண் முதல் வாரத்திலேயே எனக்கு மறக்கடித்தார். நிறம் கருகிய சர்க்கரையாலும் வரும், மரப்பீப்பாயாலும் வரும். எதிலிருந்து ஊறல் போட்டார்கள், எந்தக் கலத்தில் வடித்தார்கள், எத்தனை காலம் பீப்பாயில் கிடந்தது என்பதே பேச்சு. மூன்று சின்னக் கிளாஸ்களை என் முன்னால் வைத்தார்.

முதலாவது ஜமைக்கா. பல நாள் புளிக்கவிட்ட ஊறல். மூக்கருகே கொண்டுபோனதும் கனிந்து அழுகத் தொடங்கிய வாழைப்பழமும் அன்னாசியும் முகத்தில் அடிக்கும். இரண்டாவது மார்ட்டினிக். மொலாசஸில் செய்ததல்ல, வெட்டிய கரும்பை உடனே பிழிந்த சாறு. ஆலைக்குப் பக்கத்தில் நின்றால் வருமே, அந்தப் பச்சை வாசம். 1996இல் பிரெஞ்சு அரசு இதற்குப் புவிசார் தகுதி கொடுத்தது. மூன்றாவது கயானாவின் டெமராரா ரம். போர்ட் மோரான்ட் என்ற இரட்டை மரக்கலனில் வடித்தது. வடிகலன் என்றால் செம்பு என்றுதான் நினைத்திருந்தேன். இது கிரீன்ஹார்ட் என்ற கயானா மரத்தில் செய்தது, இன்றும் வேலை செய்கிறது.

போர்ட் மோரான்ட் என்ற பெயரைக் கேட்டதும் எனக்கு ரம் நினைவுக்கு வரவில்லை, கிரிக்கெட் வந்தது. ரோகன் கன்ஹாயும் ஆல்வின் காளிச்சரணும் அந்தக் கரும்புத் தோட்டத்து ஆட்கள். அடிமை முறை ஒழிந்ததும் தோட்டங்களுக்குக் கூலியாள் தேவைப்பட்டது. 1838 மே 5இல் ‘விட்பி’, ‘ஹெஸ்பெரஸ்’ என்ற கப்பல்கள் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களைக் கயானாவில் இறக்கின. முதலில் கல்கத்தாவிலிருந்து, பிறகு மதராஸிலிருந்தும். பிரெஞ்சுக்காரர்கள் மார்ட்டினிக்குக்கு ஆள் பிடித்தது நம் புதுச்சேரி, காரைக்கால் பக்கம். ‘ஒரேலி’ என்ற கப்பல் 1853 மே மாதம் முதல் தொகுதியைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அடுத்த முப்பது ஆண்டுகளில் சுமார் 25,000 பேர் போனார்கள். பெரும்பாலானோர் தமிழர். மொழி போய்விட்டது, மாரியம்மன் அங்கே இருக்கிறாள். பட்டியலில் மார்ட்டினிக் ரம் சேர்த்த பானம் எது வந்தாலும், அந்தக் கரும்பை வெட்டிய கைகளில் கொஞ்சம் நம் ஊர்க் கைகள் என்ற நினைப்பு வந்து உட்கார்ந்துவிடும். பெருமை என்று சொல்ல மாட்டேன். மெனுவில் அவர்களுக்கு இடமில்லை என்பது மட்டும் உறுத்தியது.

அங்கிருந்துதான், இந்தப் பானங்களில் யாருடைய பெயர் நிற்கிறது என்று கவனிக்கத் தொடங்கினேன்.

பட்டியலின் நடுப்பகுதியில் ‘டான் தி பீச்காம்பர்’ திரும்பத் திரும்ப வரும். எர்னஸ்ட் கான்ட் என்ற ஊர்சுற்றி, அமெரிக்காவில் மதுவிலக்கு 1933 டிசம்பரில் முடிந்த கையோடு ஹாலிவுட்டில் சின்ன பார் ஒன்றைத் தொடங்கினார். பிறகு தன் பெயரையே டான் பீச் என்று மாற்றிக்கொண்டார். டிக்கி என்ற உலகமே அங்கே பிறந்தது. ஒரே பானத்தில் இரண்டு மூன்று வகை ரம்மைச் சேர்ப்பது அவருடைய பெரிய கண்டுபிடிப்பு. ஒரு ரம்முக்கு இல்லாத உடம்பை இன்னொன்று கொடுக்கும்.

1934இல் அவர் செய்த ஜோம்பி அதற்கு உச்சம். கவுண்டரில் இருந்தவர் அதைக் கலக்குவதை ஒரு கை தூரத்தில் இருந்து பார்த்தேன். ஜமைக்கா ரம் ஒன்றரை அவுன்ஸ். போர்ட்டோ ரிக்கோ ரம் ஒன்றரை. நூற்றுக்கு 75.5 பங்கு ஆல்கஹால் உள்ள டெமராரா ஒரு அவுன்ஸ். எலுமிச்சை, கிராம்பும் இஞ்சியும் மணக்கும் ஃபலெர்னம் என்ற பாகு, மாதுளைப் பாகு ஒரு ஸ்பூன், ஒரு வீச்சு கசப்பு. பெர்னோ என்ற சோம்புச் சரக்கை மட்டும் சொட்டு சொட்டாக எண்ணினார்: ஆறு. நொறுக்கிய ஐஸைப் போட்டு, மில்க்‌ஷேக் கடைகளில் இருக்கும் ஒற்றைத் தண்டு மிக்சரில் மாட்டி, சில விநாடிகளில் எடுத்துவிட்டார். இன்னும் கொஞ்சம் விட்டால் தண்ணீராகிவிடும், முன்னாலேயே எடுத்தால் நெருப்பு. அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை; மிக்சரின் சத்தம் மாறுவதைக் கேட்டு நிறுத்தினார். நான்கு அவுன்ஸ் ரம் உள்ளே இருக்கிறது என்று நாக்குக்குத் தெரியாது, முழங்காலுக்குத் தெரியும். ஆளுக்கு இரண்டு ஜோம்பிதான் என்று டான் வரம்பு வைத்தது விளம்பரத்துக்காக மட்டும் இருக்காது.

நான் சொல்லாமல் விட்ட சரக்கு ஒன்று அதில் இருக்கிறது. அரை அவுன்ஸ் ‘டான்ஸ் மிக்ஸ்’.

போட்டிக் கடைக்காரர்கள் ஆட்களை இழுத்துக்கொண்டு போவார்கள் என்பதால் டான் செய்முறைகளைக் குறியீட்டில் எழுதிவைத்தார். சித்த வைத்திய ஏடுகளில் மருந்தைப் பரிபாஷையில் பூட்டிவைத்ததுபோலத்தான். புட்டிகளின் மேல் ‘ஸ்பைசஸ் 2’, ‘ஸ்பைசஸ் 4’ என்று எண் மட்டும் இருக்கும். கலக்குகிறவருக்கே தான் எதைக் கலக்குகிறோம் என்று தெரியாது. ‘நான்காம் எண்ணிலிருந்து ஒரு பங்கு ஊற்று’ என்றால் ஊற்ற வேண்டும். இன்னொரு கடைக்கு மாறிப் போனால் அவர் கையோடு எடுத்துப் போவது வெறும் எண்ணைத்தான்.

டான் காலமாகி, அந்தக் கடைகளும் மூடிய பிறகு, ஜோம்பி எப்படிச் செய்வது என்பது கிட்டத்தட்ட தொலைந்தே போனது. ஜெஃப் பெர்ரி என்ற எழுத்தாளர் ஆண்டுக்கணக்காக இதன் பின்னால் அலைந்தார். கடைசியில் கிடைத்தது எங்கே? 1937இல் டானிடம் வேலைக்குச் சேர்ந்த டிக் சான்டியாகோ என்ற பரிமாறுபவரின் சட்டைப்பை நோட்டுப் புத்தகத்தில். அவர் மகள் அதைப் பத்திரமாக வைத்திருந்தார். அதிலும் ‘டான்ஸ் மிக்ஸ்’ குறியீடாகவே இருந்தது. அது இரண்டு பங்கு கிரேப்ஃப்ரூட் சாறும் ஒரு பங்கு ‘ஸ்பைசஸ் 4’உம் என்று வேறு இடத்தில் தெரிந்தது. அந்த நான்காம் எண் புட்டியில் என்ன என்பதை அந்தக் காலத்து பார் ஆட்களில் ஒருவர் வாயிலிருந்தே கேட்க வேண்டியிருந்தது. பட்டைப் பாகு. பெர்ரி இதையெல்லாம் 2007இல் புத்தகமாகப் போட்டார். முதலாளி பூட்டிவைத்ததை மீட்டவை ஊழியர்களின் நோட்டும் நினைவும்.

அந்த ஊழியர்களில் பலர் பிலிப்பினோக்கள். பிலிப்பைன்ஸ் அன்று அமெரிக்காவின் கையில் இருந்ததால் தடையில்லாமல் வந்துகொண்டிருந்தவர்கள். 1934இல் வந்த சட்டம் ஆண்டுக்கு ஐம்பது பேர் என்று சுருக்கியது. கலிபோர்னியாவில் அவர்களுக்கு வயல் வேலை, சமையல்கட்டு, பார் ஆகியவைதான் திறந்திருந்த கதவுகள். டானின் கடையில் பலர் கண்ணில் படாமல் பின்கட்டில் நின்று கலந்தார்கள். முன்னால் இருந்தது டானும் மூங்கிலும். அவர்களில் ரே பூகென், தொடக்க காலம் முதலே அங்கே இருந்தவர். மரியானோ லிகுடீன் 1956இல் ஃபுளோரிடா போய், ஃபோர்ட் லாடர்டேல் நகரின் மை-கை உணவகத்தில் பாரைக் கட்டியெழுப்பினார்.

ரே பல கடைகளில் வேலை பார்த்துவிட்டு, 1961இல் லாஸ் ஏஞ்சல்ஸ் சன்செட் பூல்வார்டில் சொந்தமாக ‘டிக்கி-டி’ தொடங்கினார். பட்டியலில் பாதி தாண்டிய பிறகு அதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. நம் ஊர் டீக்கடையைவிடக் கொஞ்சம் பெரிய இடம். கவுண்டரை ஒட்டிப் பன்னிரண்டு ஸ்டூல், சில மேசைகள். பானங்கள் தொண்ணூறுக்கு மேல். டெக்கீலா ஊற்றும் ஒரு பானத்துக்குக் கடையே ‘டோரோ! டோரோ!’ என்று கத்துகிறது; கத்தல் இருக்கும்வரை கை ஊற்றுகிறது. ரே 1999இல் காலமானார். மகன், பேரன்கள் என்று கவுண்டருக்குப் பின்னால் அவர் குடும்பம்தான்.

அங்கே ‘ரேஸ் மிஸ்டேக்’ என்று ஒரு பானம். 1968இல் வேறொன்றைக் கலக்கும்போது பாகு மாறி விழுந்து உருவானது. மாறி விழுந்தது எது என்று குடும்பம் இதுவரை வெளியிடவில்லை. பக்கத்து ஸ்டூல்காரர் பாஷன் பழம் என்று சத்தியம் செய்தார். இன்னொருவர் இல்லவே இல்லை என்றார். டானிடம் எண் போட்ட புட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றியவர், தன் கடையில் தனக்கென்று ஒரு ரகசியம் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பூட்டு அதே பூட்டுதான். சாவி இப்போது வேலை செய்கிறவர் கையில். முதல் ரகசியத்தில் எனக்கிருந்த எரிச்சல் இரண்டாவதில் இல்லை.

இந்த அழகையெல்லாம் சொல்லும்போது, குவளைகளில் செதுக்கப்பட்ட சாமிகளையும் சொல்ல வேண்டும். அவை பாலினேசிய மக்களின் மூதாதையர், தெய்வங்கள். எங்கள் சாமி உங்கள் குவளையா என்று பசிபிக் தீவினர் பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இப்போது சில கடைகள் அந்த முகங்களை விட்டுவிட்டு ரம்மையும் கப்பலையும் மட்டும் வைத்து நடத்துகின்றன. ருசி ஒன்றும் குறைந்துவிடவில்லை.

பட்டியலில் இன்னும் சில பாக்கி. அண்மையில் குடித்தது ஜங்கிள் பேர்ட்: கறுப்பு ரம், கம்பாரி என்ற மதுவின் கசப்பு, அன்னாசி. 1970களில் கோலாலம்பூர் ஹில்டனில் பிறந்தது. நெடுநாள் ஓட்டல் பெயரில்தான் அறியப்பட்டது. செய்தவர் ஜெஃப்ரி ஓங் என்ற பார் ஊழியர் என்பது பிறகே பரவலாகத் தெரிந்தது. நான் அதைக் கேட்டதும் கவுண்டரில் இருந்த இளைஞர் கலக்க ஆரம்பிக்கும் முன்பே, “ஓங்கின் பானம்” என்றார். அதை யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டேன். “இங்கே வேலைக்குச் சேர்ந்தால் அதுவும் படிக்க வேண்டும்” என்று ஐஸை அள்ளினார்.