தையலறையின் அமானிதங்கள்

நம் வீடுகளில் எந்த அறையை ஒழுங்கு செய்யத் தொடங்கினாலும் ஒரு பகலில் முடித்துவிடலாம். தையல் மிஷின் இருக்கும் அறை மட்டும் அதற்கு விலக்கு. சமையலறையில் மிஞ்சியது இரண்டே நாளில் கெட்டுத் தன்னைத் தானே காட்டிக் கொடுத்துவிடும். துணி கெடுவதில்லை. ஒரு சாண் துண்டானாலும் 'என்றைக்காவது உதவும்' என்று கைகள் அதை மடித்து வைத்துவிடுகின்றன. அந்த 'என்றைக்காவது' வருவதற்குள் அறை நிறைந்துவிடுகிறது.

கம்பத்தில் எங்கள் வீட்டுத் தெருப்பக்கத்து அறை அப்படி நிறைந்த ஒன்றுதான். 2021-இல் அம்மா வஃபாத்தான பிறகு மூன்று ஆண்டுகள் அதைப் பூட்டியே வைத்திருந்தேன். பூட்டுவதற்கு முன் ஒரு தவறும் செய்தேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

அத்தா மௌத்தானபோது எனக்கு வயது ஒன்பது, தம்பிக்கு ஆறு. இத்தா முடிந்ததும் அம்மா தம் கைவளையல்களை விற்றுக் கால்மிதி மிஷின் ஒன்று வாங்கினார். உஷா மிஷின் அது. 1930-களில் கல்கத்தாவில் தொடங்கிய ஜெய் என்ஜினீயரிங் தொழிற்சாலையில் செய்யப்பட்டு, நாடெங்கும் நடுத்தர வீடுகளுக்குள் நுழைந்த மிஷின். அதற்கு முன் வசதியுள்ளவர்களின் வீடுகளில் இருந்தது சிங்கர். 1851-இல் அமெரிக்காவில் ஐசக் சிங்கர் உரிமைக் காப்பு பெற்ற அந்த மிஷினைப் பற்றிக் காந்தியடிகளும் பேசியிருக்கிறார். 1924-இல் எந்திரங்களைப் பற்றிக் கேட்டவரிடம், எந்திரங்களின் மீதுள்ள பித்தையே தாம் எதிர்ப்பதாகவும், சிங்கர் தையல் மிஷினுக்குத் தாம் விலக்கு அளிப்பதாகவும் அவர் கூறினார். ஒரு விதவையைப் பிறர் வாசலில் நிற்க விடாமல் காக்கும் எந்திரத்துக்கு விலக்கு அளிக்காமல் வேறு எதற்கு அளிப்பது?

எங்கள் வீட்டு அடுப்பு அந்த மிஷினின் சக்கரம் சுழன்றதால் எரிந்தது. தம்பி உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றதும் அதனால்தான். 1956-இல் தொடங்கப்பட்ட அந்தக் கல்லூரி, பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்ப வழியில்லாத எங்களைப் போன்ற பள்ளத்தாக்குக் குடும்பங்களுக்குப் பெரிய உதவியாக இருந்தது.

அம்மாவிடம் வந்த துணிகள் பலவகை. நோன்புப் பெருநாளுக்குப் பாவாடை சட்டை; மணப்பெண்ணுக்கு ஜரிகை வைத்த ரவிக்கை; கிழவிமாருக்கு ஓரம் அடித்த துப்பட்டி. விடியுமுன் ஜீப்பில் குமுளி மலையேறி ஏலத்தோட்டங்களுக்குப் போகும் பெண்கள், சேலைக்கு மேல் அணியும் முழுக்கைச் சட்டைகளைக் கொண்டுவருவார்கள். முழங்கை கிழிந்த அந்தச் சட்டைகளுக்கு ஒட்டுப்போட அம்மா கூலி வாங்கியதில்லை. "அதைப் போட்டுக்கொண்டு மழையில் நிற்கிறவளிடம் நான் என்ன வாங்குவது?" என்பார்.

பூட்டிய அறையை இந்த ஆண்டு ஆனிச் சாரலின்போது திறந்தேன். பக்கத்துத் தெருவில், கணவனைப் பிரிந்து கைக்குழந்தையோடு தாய்வீடு வந்திருக்கும் ஒரு பெண், "பெரியம்மா, அந்த மிஷினை எனக்குத் தந்தால் நான் பிழைத்துக்கொள்வேன்" என்று கேட்டாள். ஆதரவற்ற பெண்களுக்கு அரசு இலவசத் தையல் மிஷின் தருகிறது. விண்ணப்பிக்க வழி சொல்கிறேன் என்றேன். அதையும் செய்கிறேன், அதுவரை இதில் தைக்கிறேனே என்றாள். மறுக்க வாய் வரவில்லை. கொடுக்கவும் மனம் வரவில்லை. அறையைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று தவணை கேட்டேன்.

சுத்தம் செய்வதில் முதற்பாடம், உள்ளே நின்றுகொண்டு அடுக்கக் கூடாது என்பது. எல்லாவற்றையும் வெளியே கொண்டுவந்து பாயில் கொட்டியபிறகே எவ்வளவு இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிகிறது. நாங்கள் இருவரும் நான்கு குவியலாகப் பிரித்தோம்: வேலைக்கு ஆவது, கொடுத்துவிடக் கூடியது, எறிய வேண்டியது, உரியவரிடம் சேர்க்க வேண்டியது.

நூல்கண்டுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தோம். பழைய பருத்தி நூல் பார்வைக்குப் புதிதுபோல் இருந்தாலும் விரலில் சுற்றி இழுத்தால் அறுந்துவிடுகிறது. அதில் தைத்த உடுப்பு முதல் வெளுப்பிலேயே பிரிந்துவிடும். துருப்பிடித்த ஊசிகளைக் குழந்தையின் காலில் படாமல் ஒரு புட்டியில் போட்டு மூடினோம். நல்ல ஊசிகளை மெல்லிய துணிக்குப் பதினொன்று, சாதாரணத் துணிக்குப் பதினான்கு, தடித்த துணிக்குப் பதினாறும் பதினெட்டும் என்று எண் பார்த்துப் பிரித்தோம். பட்டன்கள் கண்ணாடிப் புட்டிக்குள் போயின. கையகலத்துக்கும் குறைந்த துண்டுகள் தலையணைக்குள் போயின. மடித்த துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் புத்தகங்களைப்போல் நிறுத்தி வைத்தோம். அடியிலிருப்பது கண்ணுக்கு மறையாது. சக்கரத்துக்கு எண்ணெய் விட்டு, விறைத்துப்போயிருந்த தோல் பெல்ட்டை மாற்றியதும் அந்தப் பழைய ஒலி மீண்டும் கேட்டது. நான் சிறிது நேரம் கொல்லைப்பக்கம் போய் நின்றுவிட்டு வந்தேன்.

இரண்டாம் நாள் அம்மாவின் அளவு நோட்டு அகப்பட்டது. கடைசிப் பக்கங்களில் பதினொரு பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, 'அரை கஜம் பச்சை', 'முக்கால் கஜம் வாயில்' என்று குறிப்பு. தைத்து மிஞ்சிய துணியைத் தையற்காரர் வைத்துக்கொள்வது பல இடங்களில் வழக்கம். அம்மா அதை ஏற்றதில்லை. "கூலிதான் எனது, துணி அவர்களுடையது" என்று உடுப்போடு சேர்த்துக் கட்டிக் கொடுப்பார். மறந்து போனவர்களின் மிச்சத்தைப் பெயரெழுதி முடிந்து வைத்திருக்கிறார்.

பாயில் ஆறு முடிச்சுகள்தாம் இருந்தன. மீதி ஐந்து எங்கே?

இப்போது என் தவறைச் சொல்ல வேண்டும். அம்மா வஃபாத்தான மூன்றாம் மாதம், பழந்துணி வாங்க வந்தவரிடம் இரண்டு மூட்டைகளை அவிழ்த்தும் பாராமல் விற்றுவிட்டேன். பார்க்கப் பார்க்க அழுகை வருகிறதே என்பதுதான் காரணம். அம்மா ஆண்டுக்கணக்கில் காத்த அமானிதத்தை நான் ஒரு நொடியில் விலைபேசிவிட்டேன்.

பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஆள் அனுப்பிக் கேட்டேன். உரியவர்களைத் தேடுங்கள், இருப்பவர்களிடம் துணியையோ கிரயத்தையோ சேர்த்து மன்னிப்புக் கேளுங்கள், அவர்கள் மௌத்தாகியிருந்தால் வாரிசுகளிடம் கொடுங்கள், யாரையும் கண்டுபிடிக்க முடியாவிட்டால் அவர்கள் பெயரால் ஸதகா செய்யுங்கள், பின்னால் வந்து கேட்டால் கிரயம் கொடுக்கக் கடமைப்பட்டவர் நீங்கள்தாம் என்று சொல்லியனுப்பினார். பதினொருவரில் எட்டுப் பேரின் வீடுகளைக் கண்டுபிடித்தேன். அரை கஜத் துணிக்காக வாசலில் வந்து நிற்கும் என்னைக் கண்டு சிலர் சிரித்தார்கள். உத்தமபாளையத்தில் ஒரு மூதாட்டி மட்டும் அந்தப் பச்சைத் துண்டை முகத்தில் ஒற்றிக்கொண்டு, "இது என் மகளுடைய கல்யாண ரவிக்கைத் துணி" என்றார். மகள் இப்போது இல்லை.

மூன்றாம் நாள், பெட்டியின் அடித்தட்டில், அந்துருண்டை வாசத்தோடு ஒரு வெள்ளைப் பொதி இருந்தது. அவிழ்த்ததும் தெரிந்துவிட்டது. கஃபன்.

எங்கள் தெருவில் பெண்கள் மௌத்தானால் கஃபன் துணியை அளந்து வெட்டுவதற்கு அம்மாவைத்தான் அழைப்பார்கள். ஆணுக்கு மூன்று துணி. பெண்ணுக்குக் கீழாடை, கமீஸ், தலைத்துணி, மார்புத்துணி, மேற்போர்வை என ஐந்து. ஊருக்கெல்லாம் தைத்தவர், ஊசி படாத அந்த ஐந்தையும் தமக்கெனத் தாமே வெட்டி மடித்து வைத்திருக்கிறார். நானோ, அம்மா வஃபாத்தான அன்று கடைத்தெருவுக்கு ஆள் விரட்டி, கிடைத்த துணியில் அவர்களை அடக்கம் செய்யச் சம்மதித்தேன். நாலெட்டு தூரத்தில் அவர்கள் வைத்தது இருந்தது. சொல்லியிருந்தால் எடுத்திருப்பேன், நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். நாங்கள் இருவரும் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

அதை எனக்கென்று வைத்துக்கொள்ள நினைத்தேன். அம்மாவின் கைபட்ட துணி என்னோடு வரட்டுமே என்ற ஆசை. ஒரு மாதம் கழித்து, அம்மாவிடம் சட்டைக்கு ஒட்டுப்போட வந்துகொண்டிருந்த ஏலத்தோட்டத்து அக்கா ஒருவர் மௌத்தானார். அவர் வீட்டில் கஃபன் வாங்கக் கடன் கேட்டு அலைவதாகச் செய்தி வந்தது. அன்னை ஜைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தம் கைகளால் உழைத்து அதில் வந்ததைத் தருமம் செய்தவர்கள் என்றும், நபி (ஸல்) அவர்கள் சொன்ன 'நீண்ட கையுடையவர்' அவர்களே என்றும் ஹதீஸில் படித்திருக்கிறோம். அதை நினைத்துக்கொண்டே பெட்டியைத் திறந்தேன் என்று சொன்னால் பொய்யாகும். கை நடுங்கியபடிதான் திறந்தேன். பொதியை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

மிஷின் இப்போது அந்தப் பெண்ணிடம் இருக்கிறது. அதே அறையில், அதே ஜன்னலோரம். தைத்த உடுப்போடு மிச்சத் துணியையும் சேர்த்துக் கட்டிக் கொடுக்கிறாள். எனக்கும் வெள்ளைத் துணி வாங்கி ஐந்தாக வெட்டி வைத்துவிட்டேன். மேல்தட்டில் வலது ஓரத்தில் இருக்கிறது என்று மகளிடம் சொன்னபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டாம் முறையும் சொன்னேன். தலையசைத்தாள்.