மல்லாட்டை கப்பலேறிய துறை

விருத்தாசலம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பீங்கான் பொம்மை, எங்களுக்கு மல்லாட்டை என்கிற நிலக்கடலையும்தான். அது கப்பலேறிய ஊர் என்பதால் புதுச்சேரிக்குப் போகும்போதெல்லாம் கடற்கரைக் காந்தி சிலையோடு நின்றுவிட மனம் வருவதில்லை. பக்கத்தில் கடலுக்குள் எஞ்சி நிற்கும் பழைய துறைமுகப் பாலத்தின் கால்களைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

புதுச்சேரிக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல் தொலைவில் நங்கூரமிடும். ஆணி அடிக்காமல் கயிற்றால் பலகை தைத்த மசூலாப் படகுதான் அலை உடையும் இடத்தைத் தாண்டும். மோதினால் நெளிந்து கொடுக்கும், உடையாது. 1860களில் பிரெஞ்சுக்காரர்கள் இரும்புக் கால் நட்டுப் பாலம் போட்டார்கள். தென்னார்க்காட்டு மல்லாட்டை இந்தத் துறையில் கப்பலேறி மார்செய் போய் எண்ணெயானது, சோப்பானது. ரியூனியன், மார்த்தினிக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக நம் சனங்கள் புறப்பட்டதும் இந்தக் கரையிலிருந்துதான். அவர்களில் எத்தனை பேர் ஊர் திரும்பினார்களோ, நினைத்தாலே நெஞ்சு கனக்கிறது.

1952 புயல் அந்தப் பாலத்தைக் கொண்டுபோயிற்று. தெற்கே வம்பாகீரப்பாளையத்தில் பிறகு கட்டிய பாலத்திலும் ஒரு பகுதி 2022 மார்ச்சில் இடிந்து விழுந்தது.

பழைய பாலத்தின் எஞ்சிய கால்கள் இப்போது பறவைகளுடையவை. தை மாதக் காலையில் காலுக்கு ஒன்றாக ஆலாக்கள் காற்றுக்கு முகம் கொடுத்து உட்கார்ந்திருக்கும். திடீரென ஒன்று எழும், தலைகீழாகப் பாயும். "ஆலா எறங்குற எடத்துல மீன் மேல வந்திருக்கும் தம்பி" என்றார் வலை உதறிக்கொண்டிருந்த பெரியவர். கரையோரக் கருங்கற்களில் கொட்டலசு என்னும் ஓட்டுயிர் அப்பியிருந்தது. அலை ஏறியதும் ஒவ்வொன்றும் வாய் திறந்து, இறகு மாதிரியான கால்களை நீட்டி நீரைத் துழாவியது. நீர் வடிந்ததும் இறுக மூடிக்கொண்டது.

அந்தக் கற்கள் அங்கே வந்ததற்குக் காரணம் இன்னொரு துறைமுகம். பழைய பாலத்தின் கால்களுக்கு நடுவே அலையும் மணலும் தடையில்லாமல் போய்வந்தன. 1980களில் அரியாங்குப்பம் முகத்துவாரத்தில் கட்டிய துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்களோ வடக்கே போகும் மணலை மறித்துவிட்டன. மணற்கரை கரைந்தது. ஊரைக் காக்கக் கல் கொட்டினார்கள். மணலில் முட்டையிடும் பங்குனி ஆமையால் கல்லில் முட்டையிட முடியுமா?

2018இல் தலைமைச் செயலகம் அருகே கடலடியில் செயற்கைத் திட்டு அமைத்த பிறகு ஒரு துண்டு மணல் திரும்பியிருக்கிறது. குழந்தைகள் அதில் ஓடுவதைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. தையிலிருந்து பங்குனி வரை ராத்திரியில் அந்தப் பக்க விளக்குகளைக் குறைத்து வைத்தால், வெளிச்சத்துக்கு மிரளும் ஆமையும் அந்த மணலில் ஏறிப் பார்க்கக்கூடும்.