50 அடி

நாங்கள் வீடு வீடாகக் கொண்டுபோன படிவத்தில் ‘மாசு வரும் இடம்’ என்றொரு கட்டம் இருந்தது. காத்தான்குடியில் அதற்குப் பதில் உடனே கிடைத்தது. கோழிக்கடைக் கழிவு, வாகனம் கழுவும் இடத்து எண்ணெய், வாவியில் போய் விழும் வடிகான். படுவான்கரை வயல்களில் போடும் உரமும் மாரி மழையோடு இங்குதான் வருகிறது என்றார் ஒரு பெரியவர். அதுவும் உண்மைதான். வாவியின் நீரேந்து பிரதேசம் ஊர் எல்லையோடு நின்றுவிடுவதில்லை. கோடையில் முகத்துவாரம் மணலால் அடைபட்டுவிட்டால் வந்ததெல்லாம் உள்ளேயே கிடக்கும். தேங்கி நிற்கும் நீரில் சிறுநீர் கழிப்பதையே நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள்.

சிக்கல் அடுத்த கேள்வியில் வந்தது: உங்கள் கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையில் எத்தனை அடி?

50 அடியாவது வேண்டும் என்று படித்திருக்கிறோம். 6 பேர்ச் காணி ஏறத்தாழ 1,630 சதுர அடி. சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 40 அடி. அதற்குள் வீட்டையும் கட்டிவிட்டு 50 அடிக்கு எங்கே போவது? கடலுக்கும் வாவிக்கும் நடுவே மணலில் இருக்கிற ஊர். குழியில் ஊறுவது நிலத்தடி நீரோடு கலந்து மெல்ல மெல்ல வாவிக்கும் நகரும்.

ஒரு வீட்டில் சொந்தக் குழி தூரத்தில்தான் இருந்தது. மதிலுக்கு அப்பால் பக்கத்து வீட்டுக் குழியோ கிணற்றிலிருந்து 12 அடி. அந்த வீட்டு மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். “அத எழுதாதீங்க புள்ள. பொறகு மொகம் பாக்க ஏலா. நாங்க கொதிக்க வெச்சித்தான் குடிக்கிற.”

கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்று போகாது, நீர் வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும். லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை, பால்மா குடிக்கும் கைக்குழந்தைகளை மனதிற் கொண்டு வைத்தது. அந்த வீட்டுத் தொட்டிலில் ஒரு குழந்தை இருந்தது.

பெயரை விட்டால் கணக்கெடுப்பு எதற்கு என்றாள் எங்கள் குழுவில் ஒருத்தி. எனக்கு மாமியின் பயம் நியாயமாகப்பட்டது. குழியை நகர்த்தப் பக்கத்து வீட்டாருக்கும் இடமில்லை. கடைசியில் ஒழுங்கையையும் தூரத்தையும் மட்டும் குறித்தோம். ஒவ்வொரு கிணற்றையும் சுற்றி 50 அடிக்கு வட்டம் போட்டபோது, வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. யாருடைய குழி யாருடைய கிணற்றுக்கு என்று பிரிக்கவே முடியவில்லை.

மாமி அந்தக் கடதாசியை வெகுநேரம் பார்த்தார்.

“அப்ப புள்ளைக்கிப் பால் கரைக்கிற தண்ணிய எங்கால எடுக்கிற?”

பக்கத்து வீட்டில் குழாய்த் தண்ணீர் இருந்தது. அன்று பின்னேரமே மதிலுக்கு மேலால் ஒரு கலன் வந்தது.