மறுபடியும் ஒரு ஆபரேஷன்

"அதான் ஆபரேஷன் ஆயிடுச்சே, இன்னும் என்ன இடுப்பு வலி?" என்று யாராவது கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவேன். எனக்கே பதில் தெரியாதபோது என்ன சொல்ல?

இடுப்புப் பகுதி முதுகெலும்பு ஒன்று முன்னால் நகர்ந்துவிட்டதென்று 2019-ல் ஆபரேஷன் செய்துகொண்டேன். ஸ்க்ரூவும் கம்பியும் வைத்து, இரண்டு எலும்புகளை ஒன்றாகச் சேர்க்கும் சிகிச்சை அது. ஆறு மாதம் சுகமாக இருந்தேன். பிறகு பழைய வலி மெல்லத் தலைகாட்டியது. கோலம் போடக் குனிந்தால் நிமிர முடியாது.

"எல்லாம் மனசுலதான் இருக்கு. வேலையில இறங்கினா தானாப் போயிடும்" என்றார் மாமியார். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு வருஷம் ஓட்டினேன்.

ஒருநாள் எல்.கே.ஜி. படிக்கும் என் பெண், "அம்மா, தூக்கு" என்று கையை நீட்டினாள். உடனே தானே கையை இழுத்துக்கொண்டு, "வேண்டாம்மா, உனக்கு வலிக்கும்" என்றாள். அன்று ராத்திரி அவரிடம் சொல்லி அழுதேன். அடுத்த வாரமே வேறொரு டாக்டரிடம் போனோம்.

சி.டி. ஸ்கேனைப் பார்த்தவர், "எலும்பு ஒட்டவே இல்லைம்மா. ஸ்க்ரூவும் தளர்ந்திருக்கு" என்றார். பயத்தைவிட நிம்மதிதான் முதலில் வந்தது. என் வலி பொய்யில்லை!

"தளம் போடும்போது முட்டுக் கொடுக்கிறோமில்லையா, ஸ்க்ரூவும் அப்படித்தான். தளம் இறுகலைன்னா முட்டு எத்தனை நாள் தாங்கும்?" என்று விளக்கினார். சர்க்கரை நோய், புகைப்பழக்கம், எலும்பு பலவீனம், கிருமித் தொற்று என்று காரணம் பல இருக்கலாமாம். எனக்குச் சர்க்கரை இருந்தது அப்போதுதான் தெரிந்தது.

"இரண்டாவது ஆபரேஷன் முதலாவதைவிடச் சிரமம். வலி அடியோடு போகும்னு வாக்குக் கொடுக்க மாட்டேன்" என்றும் மறைக்காமல் சொன்னார். அந்த நேர்மைதான் எனக்குத் தைரியம் தந்தது.

சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகு, 2022-ல் ஆபரேஷன் நடந்தது. பழைய ஸ்க்ரூக்களை எடுத்துப் பெரியவை போட்டு, இடுப்பின் பக்கவாட்டிலிருந்து எலும்பு எடுத்து வைத்தார்கள்.

இந்த முறை வீடும் மாறியது. அரிசி டப்பாவும் குக்கரும் இடுப்பு உயரத்துக்கு வந்தன. குனியாதே, தூக்காதே, உடம்பைத் திருப்பாதே என்று மாமியாரே காவல் நின்றார். தண்ணீர் வாளியை அவர் தூக்கும்போது எனக்குக் கண் கலங்கும். "நீ நடம்மா, அது போதும்" என்பார். நடந்தேன். ஒரு வருஷம் கழித்து எடுத்த ஸ்கேனில் எலும்பு சேர்ந்திருந்தது.

வலி முழுசாகப் போகவில்லை; மழை நாளில் எட்டிப் பார்க்கும். ஆனால் கோயிலைச் சுற்றி வர முடிகிறது.

சகோதரிகளே, ஆபரேஷனுக்குப் பிறகும் வலி திரும்பினால் பொறுத்துக்கொண்டு கிடக்காதீர்கள். கால் பலமிழந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள்.

என் பெண் இப்போது தூக்க முடியாத அளவுக்கு வளர்ந்துவிட்டாள். அதனாலென்ன? மடியில் தலை வைத்துப் படுத்துக்கொள்கிறாள். தயங்காமல்!