பின்வாங்கும் கோமுகம்

கங்கோத்ரி கோயிலைத் தாண்டி 18 கி.மீ. நடை. பைன் மரங்கள் மறைந்து, போஜ மரங்களும் தீர்ந்து, வெறும் பாறையும் மணலும் மிஞ்சும் இடத்தில் கோமுகம் தென்படுகிறது. சுமார் 4,000 மீட்டர் உயரம். அழுக்கேறிய பனிச்சுவரின் அடியிலிருந்து இரைச்சலோடு கிளம்புகிறது பாகீரதி. பனியாறு முன்பு எதுவரை நீண்டிருந்தது என்பதை வழியில் உள்ள பாறைக் குறிகள் சொல்கின்றன. 1935ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இதை அளந்தது. அடுத்த 60 ஆண்டுகளில் பனிமுகம் 1 கி.மீ.க்கும் மேல் பின்வாங்கிவிட்டது.

"இமயம் எப்போதும் உருகிக்கொண்டுதானே இருக்கிறது?" என்பது பலரது சந்தேகம். நியாயமானதுதான். கோமுகம் 200 ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்வாங்கி வருகிறது; வேகமும் கூடிக் குறைகிறது. ஆனால், 30 கி.மீ. நீளப் பனியாற்றின் நுனி, வெப்ப மாற்றத்தைப் பல ஆண்டுகள் தாமதமாகவே காட்டும். பார்க்க வேண்டியது மொத்தப் பனியின் கனத்தை. அமெரிக்க உளவு செயற்கைக்கோள்களின் பழைய படங்களைக் கொண்டு இமயத்தின் 650 பனியாறுகளை ஆராய்ந்த முடிவு 2019ல் வெளியானது. 1975-2000 காலத்தைவிட 2000க்குப் பிறகு பனியிழப்பின் வேகம் இருமடங்கு.

காரணம் சூரியனா? அப்படியானால் வளிமண்டலத்தின் மேலடுக்கும் சூடேற வேண்டும். அதுவோ குளிர்ந்து வருகிறது, கீழடுக்குதான் சூடேறுகிறது. கார்பன் டையாக்சைடு வெப்பத்தைக் கீழேயே பிடித்து வைப்பதன் அடையாளம் இது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்கு இருந்த இந்த வாயு, நிலக்கரியும் பெட்ரோலும் எரிந்து எரிந்து இன்று 420ஐத் தாண்டிவிட்டது.

சந்தேகத்துக்குத் தீனி போட்டதில் விஞ்ஞானிகளுக்கும் பங்குண்டு. இமயப் பனியாறுகள் 2035க்குள் மறைந்துவிடக்கூடும் என்றது ஐ.நா. பருவநிலைக் குழுவின் 2007 அறிக்கை. அது பிழை என்று 2010ல் குழுவே ஒப்புக்கொண்டது. தவறியது தேதிதான்; பனி உருகுவது நிற்கவில்லை.

கங்கை நாளையே வற்றிவிடாது. சமவெளியில் அதை நிரப்புவது பெரும்பாலும் மழையும் நிலத்தடி நீரும்தான். மழைக்கு முந்தைய கோடையில், மேல்மலை ஆறுகளுக்குத்தான் பனி உயிர்நாடி. உருகல் கூடும்போது சில காலம் அங்கே வெள்ளம் அதிகமாகவே ஓடும். சேமிப்பை எடுத்துச் செலவழிக்கும் வீட்டில் பணம் புரள்வது போலத்தான் அதுவும்.